உங்க வீட்டுக்கு எந்தப் பாத்தி?

எங்கள் வீட்டில் எல்லாரும் யூரியா சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்பா மணலியில் ஓர் உரக் கம்பெனியில் மூட்டை பிடிக்கும் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவர். என் ஸ்கூல் ஃபீஸ், தங்கச்சி கல்யாணம், தண்டையார்பேட்டையில் இப்போது நாங்கள் இருக்கும் அரை கிரவுண்டு வீடு எல்லாமே அந்த வெள்ளைக் குருணையில் வந்ததுதான். அதனால் 2017-ல் நான் பிரவுன் கவரில் கட்டிய ஆர்கானிக் அரிசி, பருப்பு, வெல்லம் என்று இரண்டு கை நிறையத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா பில்லை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இன்னாம்மா, அரிசிக்குத் தங்க முலாம் பூசிக்கீறானா?" என்று கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கோபம்தான் வந்தது.

அது எப்படிப்பட்ட வருஷம் என்று சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு ஊரே நாட்டு மாடு, நாட்டுக் காய், நாட்டுச் சர்க்கரை என்று பேச ஆரம்பித்தது. மார்ச் மாதம் கடைக்காரர்கள் வெளிநாட்டு கூல்ட்ரிங்ஸ் விற்க மாட்டோம் என்றார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் படம். அவர் 2013 டிசம்பரில் இறந்தபோது செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தவள்தான் நான். மூன்று வருஷம் கழித்து, பாரிமுனையில் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அவர் பேசிய வீடியோக்களைக் காதில் மாட்டிக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டால் யாருக்கும் ஒரு வேகம் வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

முதல் தப்பு, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மிளகாய்த்தூள், சோப்பு வரைக்கும். மளிகைக்கு மாதம் 6,000 ரூபாய் போதும் என்று இருந்த வீட்டில் பதினைந்து நாளைக்கே 4,800 ஆனது. மாப்பிள்ளைச் சம்பாவைப் பொன்னி மாதிரி கழுவிப் போட்டு மூன்று விசில் விட்டு இறக்கினேன். பல்லுக்கும் சோற்றுக்கும் நடந்த சண்டையில் சோறு ஜெயித்தது. பிள்ளைகள் இரண்டும் தட்டைத் தள்ளிவிட்டு எதிர்க்கடையில் பரோட்டா கேட்டன, வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தயிரை அதிகமாக ஊற்றிக்கொண்டு முழுங்கினார்.

சிவப்பரிசி, கருப்பரிசி எல்லாம் ராத்திரியே ஊற வேண்டும், இது யாரும் கவரில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் கஞ்சிக்கும் தோசை மாவுக்கும் பழைய சோற்றுக்கும் அருமையாக வரும். தினமும் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட வெள்ளைச் சோறுதான் வேண்டும் என்கிற வீடு என்றால் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா பக்கம் போங்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர் ஊராகத் தேடி 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டு வைத்துவிட்டு 2018-ல் போய்ச் சேர்ந்தார். அத்தனை வகை இருக்கும்போது எல்லாரும் மாப்பிள்ளைச் சம்பாவையே பிடித்துக்கொண்டு தொங்குவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை, பெயர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அடுத்தது வண்டு. பத்து கிலோ அரிசி, ஜூலை மாதப் புழுக்கம், பழைய எவர்சில்வர் டின். இருபதாம் நாள் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கிராமமே குடியேறியிருந்தது. கடையில் சண்டை போடக் கிளம்பின என்னை நிறுத்தியது அப்பாதான். செங்குன்றம் அரிசி மண்டிகளில் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே மாத்திரை வைத்துப் புகை காட்டுவார்கள், அதில் வண்டும் முட்டையும் சாகும், உன் அரிசிக்கு அந்த மாத்திரை வைக்கக்கூடாது என்பதுதானே சட்டம், அப்புறம் வண்டு வராமல் என்ன வரும் என்று கேட்டார். கூடவே ஒரு வசம்புத் துண்டையும் நாலு காய்ந்த மிளகாயையும் எடுத்து டின்னில் போட்டார். இப்போது நான் மூன்று கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, வந்தவுடன் மொட்டை மாடியில் நிழல் காய்ச்சலாக ஒரு மணி நேரம் உலர்த்திவிட்டு இறுக்கமான டப்பாவில் கொட்டிவிடுவேன். மழைக்காலத்தில் இன்னும் கம்மி.

மூன்றாவது தப்புக்கு நான் மட்டும் பொறுப்பில்லை. நான் வாங்கிக்கொண்டிருந்த கடை வீட்டிலிருந்து நடக்கிற தூரம், மண் சட்டி, பனை ஓலைக் கூடை எல்லாம் வைத்து அழகாக இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பையனை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன், ஷட்டர் பாதி திறந்திருந்தது, மினி வண்டியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பாசிப்பருப்பு. மொத்த வியாபாரத்தில் எல்லா மளிகைக் கடைக்கும் வருகிற அதே மூட்டை, அதே அச்சு. உள்ளே இரண்டு பெண்கள் அதைப் பிரித்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பிரவுன் கவரில் போட்டு, 'இயற்கை' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்பதைப் பார்த்ததும் ஒரு பெண் சிரித்துவிட்டு, "கடை ஒம்போது மணிக்குத்தான்க்கா" என்றார். அந்தப் பெண்ணிடம் என்ன கேட்பது. ஒன்பது மணிக்குப் போய் ஓனரிடம் கேட்டேன், "ஆர்கானிக்னு எங்க மேடம் போட்டிருக்கு, இயற்கைன்னுதானே போட்டிருக்கோம்" என்றார். சுத்தமான பதில். அதற்கு அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் அந்தப் பதில்தான் என்னைப் படிக்க வைத்தது.

அதாவது நம் கவர்களில் போடுகிற நல்ல தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு விளைச்சலோடு சம்பந்தமே இல்லை. செக்கு எண்ணெய் என்றால் ஆட்டின விதம், அந்தக் கடலைக்கு எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்று செக்குக்குத் தெரியாது. நாட்டுச் சர்க்கரை என்றால் வெள்ளையாக்காத சர்க்கரை, கரும்புக்கு என்ன போட்டார்கள் என்பது வேறு கதை. வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ராஸ் என்ற வெளுப்பு மருந்து போட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவது சரிதான், ஆனால் கருப்பாக இருந்தால் ஆர்கானிக் என்று நினைத்தது என் முட்டாள்தனம். முட்டை ஓடு பழுப்பாக இருப்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது, பண்ணையில் கூண்டில் நிற்கிற கோழியும் பழுப்பு முட்டை போடும்.

சட்டப்படி ஆர்கானிக் என்று சொல்லி விற்க வேண்டுமானால் அதற்கு முறை இருக்கிறது. 2018 ஜூலையிலிருந்து நாடு முழுக்க அமலில் உள்ள விதி அது. பாக்கெட்டில் ஜைவிக் பாரத் என்ற பச்சை முத்திரை இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு சான்று இருக்க வேண்டும். சான்று இரண்டு வழியில் வரும். ஒன்று, மூன்றாம் ஆள் வந்து நிலத்தைப் பார்த்துத் தருவது. நம் மாநில அரசுக்கே கோயம்புத்தூரில் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. இன்னொன்று, பிஜிஎஸ் என்று சொல்கிற குழுச் சான்று, ஒரு பகுதி விவசாயிகள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. இதில் 'கிரீன்' என்று போட்டிருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நெல், காய்கறி மாதிரிப் பயிர் என்றால் ரசாயனம் நிறுத்தி இரண்டு வருஷம், மா, தென்னை மாதிரி மரம் என்றால் மூன்று வருஷம் ஆன பிறகுதான் முழுச் சான்று. நேற்று நிறுத்திவிட்டு இன்றைக்கு ஆர்கானிக் என்று விற்க முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்காரரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது: "எத்தனை வருஷமாண்ணே நிறுத்தியிருக்காங்க?" பாதிப் பேர் முழிப்பார்கள்.

முத்திரை இல்லாதவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிற சிறு விவசாயி நேரடியாக நமக்கு விற்றால் அவருக்குச் சான்று கட்டாயம் இல்லை. அந்த விதியால்தான் எனக்கு நல்லது நடந்தது.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற ஆயா பொன்னேரியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருபவர். விடிகாலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, கூடையோடு தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ஏழு மணிக்கெல்லாம் "அரைக்கீரே, சிறுகீரே, முளக்கீரே" என்று குரல் கேட்கும். பதினைந்து வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறோம். ஒரு நாள் நான் அதிமேதாவித்தனமாக, "ஆயா, இது ஆர்கானிக்கா?" என்று கேட்டேன். "அது இன்னா கீரைம்மா, நம்மகிட்ட இல்லியே" என்றார். விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படிக் கேளு. இந்தக் கட்டு விக்கிறதுக்கு வச்ச பாத்தி. வூட்டுக்குன்னு வேற பாத்தி கீது, அதுல மருந்து அடிக்க மாட்டோம்" என்றார். எந்த ஒளிவுமறைவும் இல்லை, எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை, சாம்பாருக்கும் ரசத்துக்கும் தனித்தனிப் பருப்பு வேக வைப்பதைப் போலச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளம்பிவிட்டேன், அப்பாவும் வந்தார், வேடிக்கை பார்க்க.

ரயில் விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் தாண்டும்வரை ஒரு பக்கம் புகைக்கூண்டு, மறுபக்கம் சாம்பல் பூத்த மரங்கள். மீஞ்சூர் கடந்தால்தான் பச்சை கண்ணில் படும். ஆயாவின் தங்கை மகன் ஒன்றே கால் ஏக்கரில் நெல்லும் ஒரு ஓரத்தில் கத்தரி, வெண்டை, கீரையும் போடுகிறவர். நாங்கள் போன நேரம் பக்கத்து வயலில் ஒருவர் கத்தரிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முதுகில் டேங்க், மடித்துக் கட்டின லுங்கி, வெறுங்கால், வாயில் துண்டுகூட இல்லை, காற்று எங்கள் பக்கம் அடித்தது. வரப்பில் கிடந்த டப்பாவை எடுத்துப் பார்த்த அப்பா என்னிடம் நீட்டினார், லேபிளில் சிவப்பு முக்கோணம். பூச்சிக்கொல்லி டப்பாவில் அந்த முக்கோணத்தின் நிறம்தான் விஷத்தின் அளவு: சிவப்பு உச்சம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. உள்ளே இருந்தது மோனோகுரோட்டோபாஸ், காய்கறிக்கு அடிக்கவே கூடாது என்று 2005-லேயே தடை செய்தது. கேட்டதற்கு, "நெல்லுக்கு வாங்கினது மீதி இருந்துச்சிண்ணா" என்றார். காய்ப்புழு விழுந்துவிட்டால் கத்தரிக்காய் ஒன்றுகூட விலை போகாது, அதனால் கத்தரிக்கு அடிக்கிற மாதிரி வேறு காய்க்கு அடிக்க மாட்டார்கள். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும், ஆனால் மறுநாள் மார்க்கெட்டில் நல்ல விலை என்றால் யார் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பார்கள். மருந்து அடித்தவருக்கு அன்று காலையிலிருந்தே தலை சுற்றல், மோர் குடித்தால் சரியாகிவிடும் என்றார்.

இதைச் சொல்லும்போது யவத்மால் நினைவு வருகிறது. அதற்கு முந்தின வருஷம், 2017-ல், மகாராஷ்டிரத்தின் அந்த மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேர் அளவில் செத்துப்போனார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆர்கானிக் சாப்பிட்டால் நமக்கு என்ன நன்மை, நமக்கு என்ன நன்மை என்றே எல்லாரும் கேட்கிறோம். டேங்கை முதுகில் சுமக்கிறவருக்கு வருகிற நன்மை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, அதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

ஆயா வீட்டுப் பாத்தி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. நாலு பாத்தி கீரை, ஆறு கத்தரிச் செடி, கொஞ்சம் வெண்டை, பச்சை மிளகாய். இலைகளில் ஓட்டை இருந்தது. எருவும் சாம்பலும் போடுகிறார்கள், பூச்சி வந்தால் ஆடு தின்னாத இலைகளாகப் பார்த்து எருக்கு, நொச்சி, ஆடாதோடை, கூட வேப்பிலையும் இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளிக்கிறார்கள். "இதையே பெரிசா போட்டா இன்னா?" என்று கேட்டேன். ஆயாவின் தங்கை மகன் சிரித்தார். "யார்க்கா ஓட்டை கீரையை வாங்குவாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எங்கள் ஏற்பாடு ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்தோம். வாரம் இரண்டு நாள், ஓட்டை இருந்தாலும் வாங்கிக்கொள்வோம், கட்டுக்கு ஐந்து ரூபாய் அதிகம் கொடுப்போம், மாதத் தொடக்கத்தில் பாதிப் பணம் முன்கூட்டியே. வீட்டுப் பாத்தி நாலு பத்தாகி, இருபதாகி, இப்போது அரை ஏக்கர். ஒரே ஒரு நிபந்தனைதான், அதை அப்பா சொன்னார்: "நீங்க தின்றது எங்கேந்து பறிக்கிறீங்களோ எங்களுக்கும் அங்கேந்தே பறிங்க." யாரிடம் புதிதாக வாங்கப் போனாலும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான், உங்க வீட்டுக்கு எந்தப் பாத்தி? பொய் சொல்கிறவருக்கும் இந்தக் கேள்விக்கு ஒரு நொடி தேவைப்படுகிறது.

சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் கீரை வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த நிலம் முழுக்கத் தண்ணீர், பொங்கல் கழித்துத்தான் மறுபடியும் கட்டு வந்தது, முன்பணம் கொடுத்த வீடுகளில் ஒன்று முகம் சுளித்து விலகிக்கொண்டது. கேரட், காலிஃப்ளவர், பீன்ஸ் எல்லாம் பொன்னேரி மண்ணில் கேட்க முடியாது. வெயில் காலத்தில் வாரா வாரம் வெண்டைக்காய், வெண்டைக்காய், வெண்டைக்காய். என் பெண்ணுக்கு வெண்டைக்காய் என்ற சொல்லே கெட்ட வார்த்தை ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க எங்கள் வருமானத்தில் முடியாது, முடிய வேண்டும் என்றும் நான் இப்போது நினைப்பதில்லை. கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், இதெல்லாம் தோலோடும் இலையோடும் அப்படியே உள்ளே போகிறது, மருந்தும் அதிகம் பார்ப்பது. அதனால் காசை இங்கே போடுகிறேன். தேங்காய், வாழைக்காய், பூசணி, சேனை, வெங்காயம் எல்லாம் வழக்கமான கடையில்தான். திராட்சை வாங்குவதையே குறைத்துவிட்டேன். இட்லிக்கு இன்றைக்கும் ரேஷன் புழுங்கலரிசிதான், அதற்கு நிகரான இட்லி எந்தப் பாரம்பரிய அரிசியிலும் எனக்கு வரவில்லை, யார் என்ன சொன்னாலும் சரி. தெருவில் பாதி வீடு ரேஷன் அரிசியில் ஓடுகிறது, அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு நூறு ரூபாய் அரிசியின் பெருமை பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கும்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட் எல்லாம் வேண்டாம். கீரையை மூன்று தண்ணீர் அலசுவேன், கறிவேப்பிலையைப் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவிட்டுப் பிறகு குழாயில் கழுவுவேன். ஐரோப்பிய நாடுகள் நம் கறிவேப்பிலையைத் தனியாக எடுத்துச் சோதித்துத்தான் உள்ளே விடுவோம் என்று வருஷக்கணக்கில் விதி வைத்திருந்தன, அந்த அளவுக்கு அதில் மருந்து. முட்டைகோஸுக்கு மேல் இலை இரண்டு மூன்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இதனால் மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும், செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்ட மருந்து போகாது, அதற்குக் கழுவல் பதில் இல்லை. வடசென்னையில் ஆர்கானிக்கையும் கழுவித்தான் ஆக வேண்டும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதைக் கோர்ட்டு 2011-ல் நிறுத்தும்வரை எங்கள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கருப்பாகும், இப்போது லாரித் தூசி, எண்ணூர்ச் சாம்பல். செடிக்கு எரு போட்டோமா யூரியா போட்டோமா என்று பார்த்து அந்தத் தூசி விழுவதில்லை.

சரி, உடம்புக்கு என்ன ஆனது? இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை 2014-லிருந்து இருக்கிறது. காட்டுயானம் கஞ்சி ஆரம்பித்து ஆறு மாதத்தில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.6-லிருந்து 7.4-க்கு வந்தது. நான் குதித்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சோறு எவ்வளவு சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அந்த அரிசி கரடுமுரடாக இருப்பதால் மலை மாதிரி சாப்பிட்டவர் இரண்டு கரண்டியோடு எழுந்துவிடுகிறார், காலையில் வேறு காசிமேடு வரை நடக்க ஆரம்பித்திருந்தார். தவிடு நீக்காத அரிசி, குறைந்த அளவு, நடை, இதில் எதற்கு எத்தனை மார்க் போடுவது. ஆர்கானிக்குக்கு இதில் பங்கே இல்லாமலும் இருக்கலாம். ஆர்கானிக் வெள்ளை அரிசியும் வெள்ளை அரிசிதான், ஆர்கானிக் வெல்லமும் சர்க்கரைதான். எங்கள் தெருவில் ஒருவர் கருப்புக் கவுனியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, கால் விரலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தங்கச்சி பெண் நர்சிங் படிக்கிறாள், அவள்தான் எனக்கு ஆராய்ச்சிகளைப் படித்துச் சொன்னாள். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆர்கானிக்கில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் பூச்சிமருந்து மிச்சம் குறைவு என்று வந்தது. 2014-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் 343 ஆய்வுகளைப் பார்த்தவர்கள், ஆன்டிஆக்சிடன்ட் என்ற வகைச் சத்து அதிகம், காட்மியம் என்ற உலோகம் குறைவு, மருந்து மிச்சம் நன்றாகவே குறைவு என்றார்கள். 2018-ல் பிரான்சில் கிட்டத்தட்ட 69,000 பேரைக் கவனித்த ஆய்வில் அதிகமாக ஆர்கானிக் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருந்தது, ஆனால் அதற்கு முன்பே இங்கிலாந்தில் லட்சக்கணக்கான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் மொத்தப் புற்றுநோய்க் கணக்கில் அப்படிக் குறைவு எதுவும் தெரியவில்லை. ஆக, மருந்து மிச்சம் குறைகிறது என்பது வரைக்கும் தெம்பாகச் சொல்லலாம். கேன்சர் வராது, முடி கொட்டாது, குழந்தை பிறக்கும் என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்க வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் நிச்சயமாக நடந்த ஒன்று உண்டு. வாரம் இரண்டு நாள் கீரை வந்து இறங்கிவிட்டால் அதை ஆய்ந்தே ஆக வேண்டும், சமைத்தே ஆக வேண்டும், வெளியில் வாங்கிச் சாப்பிடுவது தானாகக் குறைந்தது.

அப்பாவைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். யூரியாவை நான் விஷம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அது விஷம் இல்லம்மா, செடிக்குச் சோறு. சோத்தையே மூணு வேளைக்கு ஆறு வேளை போட்டா எவனும் வீங்குவான்" என்பார். பொன்னேரியில் அதைக் கண்ணால் பார்த்தோம். யூரியா அதிகமான வயலில் நெல் கரும்பச்சையாக மதமதவென்று நிற்கும், இலை மெத்தென்று ஆகும், அந்த மெத்தென்ற இலைக்குத்தான் புகையான் என்ற பூச்சி வந்து இறங்கும், அதற்கு மருந்து, அந்த மருந்தில் சிலந்தி மாதிரி நல்ல பூச்சியும் சாகும், அப்புறம் இன்னொரு மருந்து. 1960-களில் ஊரே சோற்றுக்குத் திண்டாடியதைப் பார்த்தவர் அவர், உரம் வந்த பிறகு நிலைமை மாறியதையும் பார்த்தவர். அவரிடம் நம்மாழ்வார் வீடியோவைக் காட்டினால் பாதி கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசறாரு" என்று எழுந்து போய்விடுவார்.

2023 டிசம்பர் 26 ராத்திரி அவர் அப்படி எழுந்து போகவில்லை. எண்ணூர் பெரியகுப்பம் கரையில், கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகிற கடலடிக் குழாயில் கசிவு. சின்னக்குப்பத்தில் இருக்கிற எங்கள் அத்தை குடும்பம் கண் எரிய, மூச்சு முட்ட, மாற்றுத் துணிகூட எடுக்காமல் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அப்பா எல்லாருக்கும் முகம் கழுவத் தண்ணீர் ஊற்றினார். விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "அமோனியாதான் உரத்துக்கு மாவு மாதிரி, அது இல்லாம எதுவும் சுட முடியாது" என்று மட்டும் சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை. உர மூட்டை வயலுக்குப் போகும் வழியில் எங்கள் ஊரையும் தாண்டித்தான் போகிறது என்பது ஆர்கானிக் பற்றிப் பேசுகிற யாரும் எனக்குச் சொல்லாத விஷயம்.

கடைசியாக மாடித் தோட்டம். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டக் கிட் மானிய விலையில் வாங்கி ஆரம்பித்தேன், தக்காளி சொதப்பல், முள்ளங்கி எலிவால், எங்கள் போர் தண்ணீரின் உப்புக்குப் பாதிச் செடி கருகியது, மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் தூக்கி ஊற்ற முதுகு ஒத்துழைக்கவில்லை. தழைத்தது கறிவேப்பிலை மட்டும்தான், ஆனால் என்ன தழைப்பு! புளித்த மோரை வாரம் ஒரு தடவை ஊற்றுவேன், அதன் மகிமை என்று தெரு முழுக்கச் சொன்னேன். ஐந்து வீட்டுக்கும் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தேன், சுத்த ஆர்கானிக், எங்க மாடி என்று பெருமையாக.

போன மாதம் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய பூஸ்ட் டப்பா ஒன்று கையில் அகப்பட்டது. திறந்தால் வெள்ளைக் குருணை, உள்ளே ஒரு டீ ஸ்பூன். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அப்பா சிறுகீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார், திரும்பவும் கீரையைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா?"

"மாசம் ஒரு ஸ்பூன்தான். நானும் அந்தச் செடியிலேந்துதானே துன்றேன், எனக்குத் தெரியாதா?"